ஏழாம் பக்கத்துத் தண்ணீர்

வாசிப்பு எட்டாம் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நீலா மட்டும் ஏழாம் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றாள். எதிரே இவசே-சான், வீடு விற்றுக்கொடுக்கும் ஆபீஸ்காரம்மா, ஐம்பதைத் தாண்டியவர், மூக்கு நுனியில் கண்ணாடி, ஒவ்வொரு வரிக்கும் கீழே பென்சிலின் பின்முனையை வைத்து நகர்த்தியபடி வாசித்துக்கொண்டிருந்தார். ஜப்பானில் வீடு வாங்குவதென்றால் இப்படித்தான். ஒப்பந்தத்துக்கு முன்னால் அந்த வீட்டைப் பற்றிய முக்கியமான சங்கதிகள் அத்தனையையும், நல்லதோ கெட்டதோ, உரிமம் உள்ள ஒருவர் வாங்குகிறவரை எதிரே உட்காரவைத்து விளக்கியாக வேண்டும். சட்டம். இவசே-சான் ஒரு வரி விடாமல் வாய்விட்டு வாசிக்கிற ஜாதி. வாங்குகிறவருக்கு மொழி போதவில்லை என்றால் பக்கத்தில் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். வாங்குகிறவர் அப்பா, அந்த யாராவது நீலா. வயது பதினெட்டு. முழுப்பெயர் நீலாயதாட்சி, நாகப்பட்டினத்து அம்மன் பெயர், இந்த ஊர்ப் பிள்ளைகள் வாயில் நுழையாமல் நிரா என்றாகி, நிரா என்றால் இங்கே பூண்டு நாற்றமடிக்கும் ஒரு கீரை என்பதால் மூன்று வருஷம் கீரை, கீரை என்று கூப்பிட்டார்கள், போகட்டும், அது இப்போது எதற்கு, இப்போது சுவர். சுவரின் கனம் பதினெட்டு சென்டிமீட்டர். "சுவரு பதினெட்டு சென்டிமீட்டர்பா. பக்கத்து வீட்டுச் சத்தம் கொஞ்சம் கேக்கலாம், அதுக்கு அவங்க பொறுப்பில்லையாம்." அப்பா தலையாட்டினார். "நம்ம சத்தம் அவனுக்குக் கேக்குமே, அதுக்கு யாரு பொறுப்பாம்? கேளேன்." "அப்பா, ப்ளீஸ்." "சரி சரி, நீ சொல்லு." தலைக்கு மேலே தோசாய் ரயில் வந்தது. ஆபீஸ் ரயில்பாதைத் தூண்களுக்கு நடுவே இருக்கிறது, ரயில் போகும்போது பேச முடியாது, இவசே-சான் பென்சிலை அந்த வரியிலேயே ஊன்றிக்கொண்டு மரியாதையாகக் காத்திருப்பார், டீக் கோப்பைகள் சாசரில் சிணுங்கும். அந்த அரை நிமிஷத்தில் நீலாவின் மனசு சடாரென்று பின்னால் ஓடி ஏழாம் பக்கத்தைத் திறந்தது. அங்கே கீழ் ஓரத்தில் அப்பாவின் முத்திரை, சிவப்பு வட்டத்துக்குள் சிங்கா என்று ஜப்பானிய எழுத்தில், சிங்காரவேலு என்ற பெயரில் அவ்வளவுதான் அந்த வட்டத்துக்குள் பிடித்தது, மை இன்னும் முழுசாகக் காயவில்லை.

ஏழாம் பக்கத்தில் இவசே-சான் வாசித்தது நான்கு நிமிஷம். இந்த இடம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. பெருவெள்ளம் வந்தாலோ புயலில் கடல் எழும்பினாலோ மூன்றிலிருந்து ஐந்து மீட்டர் வரை தண்ணீர் ஏறலாம். இரண்டு வாரத்துக்கு மேலும் வடியாமல் நிற்கலாம். முன்கூட்டியே இந்த வட்டாரத்தை விட்டே வெளியேறும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது. நீலா அதைத் தமிழில் சொன்னது நான்கு விநாடி. "இது தண்ணி வசதி பத்திப்பா. குழாயெல்லாம் புதுசாம், ஒண்ணும் பிரச்சனை இல்ல." நான்கு நிமிஷத்துக்கு நான்கு விநாடி. இவசே-சானுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் கடிகாரம் தெரியும். அவர் ஒரு நொடி கண்ணாடிக்கு மேலே பார்த்தார், பார்த்தாரா, பார்த்த மாதிரிதான் இருந்தது, பிறகு முத்திரை வைக்க வேண்டிய இடத்தைப் பென்சிலால் தொட்டார். அப்பா வைத்தார். அழுத்தி, கொஞ்சம் உருட்டி, ஊரில் ரிஜிஸ்தர் ஆபீஸில் கட்டை விரலை உருட்டுவார்களே அப்படி. அவ்வளவுதான் நடந்தது. யாரும் சாகவில்லை. யாரும் சாகவில்லை என்று நினைத்ததும் நீலா நாக்கைக் கடித்துக்கொண்டாள், ஏனென்றால் விஷயமே அதுதான், செத்துப்போன சித்தப்பா.

அப்பா தண்ணீரைப் பற்றிப் பேச மாட்டார். அவருடைய தம்பி அமிர்தலிங்கம், பத்தொன்பது வயசு, சுனாமி அன்றைக்குக் கரையில் இருந்தான். அப்பா அன்றைக்குச் சென்னையில், முதல் வேலை. இவ்வளவுதான் நீலாவுக்குத் தெரியும், இதையும் அம்மாதான் சொன்னாள். மற்றதெல்லாம் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. கசாய் கடலோரப் பூங்காவுக்குப் போனால் எல்லாரும் கடலைப் பார்த்துப் பாயை விரிப்பார்கள், அப்பா கடலுக்கு முதுகைக் காட்டி உட்காருவார், ராட்டினத்தைப் பார்த்தபடி. ரொம்ப நாள் அப்பாவுக்கு ராட்டினம் பிடிக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள், லூசு. இந்த மனுஷனிடம் போய், அப்பா, நீங்கள் வாங்கப்போகும் வீடு கடலுக்குக் கீழே இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? சொன்னால் முத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். எழுந்தால் எல்லாம் முடிந்தது. அம்மா நீலாவின் தம்பியைக் கூட்டிக்கொண்டு போன கோடையிலேயே சென்னைக்குப் போய்விட்டாள், சொந்தமாக ஒரு வீடு என்றால் திரும்பி வருகிறேன், இல்லையென்றால் மார்ச்சோடு நீங்கள் இரண்டு பேரும் மூட்டை கட்டிக்கொண்டு வாருங்கள் என்று. எட்டு மாசம் தேடியாயிற்று. வெளிநாட்டுக்காரர் என்றதும் சிரித்துக்கொண்டே இல்லை என்பார்கள், இந்த ஊரில் இல்லை என்பதைக் குனிந்து சொல்வார்கள், நீலாவும் குனிந்து வாங்கிக்கொள்வாள். சரி என்று சொன்னது இந்த ஒரு வீட்டுக்காரர்தான். அப்பா கிளம்பினால் அவள் விசாவும் கிளம்பிவிடும். ஆறு வயதில் வந்தவள். பன்னிரண்டு வருஷம். பதினோராம் வகுப்பில் பள்ளியை நிறுத்தினாள், பெரிய கதையெல்லாம் கிடையாது, போரடித்தது, இப்போது சாப்பாட்டுப் பெட்டி விற்கும் கடையில் கத்திரிக்காய் பொரிக்கிறாள், அதில் வெட்கமும் இல்லை. ஆனால் இந்த நிஷி-கசாயைத் தவிர அவளுக்கு வேறு ஊர் கிடையாது. சென்னை என்பது வீடியோ காலில் அம்மாவுக்குப் பின்னால் சுழலும் ஒரு மின்விசிறி.

ஒன்பதாம் பக்கம். நாய் வளர்க்கலாம், ஒன்று மட்டும், தூக்கிக்கொண்டு நடக்கிற அளவு. "நாய் வளக்கலாமாம்பா, ஒண்ணே ஒண்ணு." "உன்னை வளத்ததே போதும்னு சொல்லு." இவசே-சான் ஆவலோடு பார்த்தார், என்ன சொல்கிறார் உன் அப்பா? யோசிப்பதாகச் சொல்கிறார், என்றாள் நீலா. பார், பொய் எவ்வளவு லேசாக வருகிறது. ஆனால் ஏழாம் பக்கம் லேசாக இல்லை, தொண்டையில் மீன்முள் மாதிரி, விழுங்கினால் குத்துகிறது, துப்பவும் வரவில்லை. அப்பாவை ஏமாற்ற வேண்டுமென்றா செய்தாள்? அந்தத் தண்ணீரைக் கண்டு அவளுக்குப் பயமே இல்லை, அதுதான் உண்மை. கடலுக்குக் கீழே என்பது அவளுக்கு நாலாம் வகுப்பிலிருந்து தெரியும், தெரிந்த நாளிலிருந்து அதைப் போல் ஒரு அதிசயத்தை அவள் எங்கேயும் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பிடித்த ஒரே பாடம் அது, நம்முடைய வட்டாரம் என்று மெல்லிசாக ஒரு புத்தகம். டீச்சர் அவர்களை ஒரு கம்பத்தடிக்குக் கூட்டிப்போனார். சாதாரணக் கம்பம். அதில் தலைக்கு மேலே ஒரு வளையம், இதுதான் கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் மட்டம். அதற்கு மேலே இன்னொன்று, இன்னொன்று, பழைய புயல்களின் மட்டங்கள். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். தடுப்புக்கரை மட்டும் இல்லையென்றால் நீங்கள் எல்லாரும் இப்போது மீன்கள் என்றார் டீச்சர், பையன்கள் வாயை மீன் மாதிரி திறந்து மூடினார்கள், நீலா செய்யவில்லை, அவள் வளையத்திலிருந்து கண்ணை மெல்லக் கீழே இறக்கினாள். ஒரு கிழவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். ஓர் அம்மா முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகப் பிள்ளைகளை வைத்து மிதித்துப் போனாள். நூடுல்ஸ் கடையிலிருந்து ஆவி வந்தது. எல்லாம் கடலுக்கடியில். கடலுக்கடியில் காற்றடிக்கிறார்கள், கடலுக்கடியில் ஆவி பறக்கிறது, கடலுக்கடியில் அவளுக்கு மூக்கு ஒழுகுகிறது. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தாள்.

மேலே ரயில். பென்சில் நின்றது. யோசித்துப் பார்த்தால் இந்த ரயிலும் அதிசயம்தான், இது ஓட ஆரம்பித்தபோது கீழே ஒன்றுமே இல்லையாம், தாமரைக் குளமும் சேறும். அதற்கு முன்னால் கடல் முழுக்க மூங்கில் கழி நட்டுப் பாசி வளர்த்தார்கள், காகிதம் மாதிரி காயவைத்து விற்றார்கள், சிப்பி பொறுக்கினார்கள், கரைக்காரர்கள், அப்பாவின் ஆட்கள் மாதிரிதான். பிறகு ஆலைகள் வந்தன. மண்ணுக்கடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சின, எரிவாயுவை உறிஞ்சின, உறிஞ்ச உறிஞ்ச ஊர் இறங்கியது. பூகம்பம் இல்லை, சத்தம் இல்லை, வருஷத்துக்கு இத்தனை விரல் என்று, ஆளுயரத்துக்கு மேல் இறங்கிவிட்டது. ஒரு பிள்ளை பிறந்து வளர்ந்து கல்யாணம் ஆவதற்குள் அதன் ஊர் அதன் உயரத்துக்குக் கீழே போயிருக்கும். கடலோர வயல்கள் நேராகக் கடலுக்குள்ளேயே போய்விட்டன. இங்கேதான் நீலாவுக்கு ஒவ்வொரு முறையும் மயிர் கூச்செறியும். அந்த வயல்காரர்கள் பத்திரத்தைத் தூக்கிப்போடவில்லை. வயலுக்கு மேலே அலை அடிக்கிறது, மீன் நீந்துகிறது, அவர்கள் பெட்டியில் பத்திரம் இருக்கிறது, இது என் நிலம் என்று. வருஷக்கணக்காக. கடலைக் காட்டி, அதோ அந்த அலைக்கு இடது பக்கம் என் வயல் என்று சொல்லியிருப்பார்களா? சொல்லியிருப்பார்கள். பிறகு ஒருநாள் லாரி லாரியாக மண் வந்தது, கரை எழும்பியது, கடலைத் தள்ளிக்கொண்டே போய் நிலத்தை மேலே எடுத்து, பத்திரம் வைத்திருந்தவனுக்குப் பங்கு கொடுத்தார்கள். அதன் மேல் மரம் நட்டார்கள், அடுக்குமாடி நட்டார்கள், ஸ்டேஷன் வைத்தார்கள். அப்புறம் இரண்டாயிரம் பிறக்கப்போகிறது, கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று உலகமே பயந்த நேரத்தில் நம்ம ஆட்கள் வந்தார்கள், ஆபீஸுக்கு நேர் ரயில், ஜாமீன் ஆள் கேட்காத அரசாங்க அடுக்குமாடி, போதாதா? இப்போது அதே இடத்தில் இட்லி மாவு விற்கிறது. கடல் இருந்த இடத்தில் இட்லி மாவு. ராத்திரி பகலாகப் பம்புகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, மழைத் தண்ணீரைத் தூக்கி ஆற்றுக்குள் ஊற்ற, ஆறு மேலே இருக்கிறதல்லவா. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு இயல்பாக இருப்பதுபோல் இருக்கிறது. இதைப் பார்த்தால் யாருக்காவது விட்டுப்போக மனசு வருமா?

இதெல்லாம் அவள் ஜப்பானிய மொழியில்தான் நினைத்தாள் என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் மட்டம், உயர் அலை, கரை, எல்லாம் டீச்சரின் குரலில், புத்தகத்துப் படத்தோடு. ஒருமுறைகூட அவள் அதைத் தமிழில் நினைத்ததில்லை. பதின்மூன்று வயதில் வட்டார ஆபீஸிலிருந்து வீடு வீடாக வெள்ள வரைபடப் புத்தகம் வந்தது, அட்டையில் அவர்கள் வட்டாரத்தின் மேலேயே பச்சையாக எழுதியிருந்தது, இங்கே இருக்கக் கூடாது என்று. சொந்த ஊரைப் பற்றி அந்த ஊர் ஆபீஸே இப்படி எழுதுமா? எழுதியிருந்தது. எவ்வளவு தைரியம் என்று அசந்துபோனாள். ஒன்பது வயதிலிருந்து வீட்டுக்கு வரும் தபாலெல்லாம் அவள் வாசிப்புதான், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அந்த எழுத்து ஓடாது. என்ன புக்கு அது என்றாள் அம்மா. குப்பை பிரிக்கிற புக்கு என்று சொல்லிவிட்டு பழைய பேப்பர்க் கட்டுக்குள் செருகினாள். ஆக இது முதல் தடவையும் இல்லை. ஐந்து வருஷமாக அப்பாவைக் கடலுக்கடியில் தூங்கவைத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் இப்போதிருக்கும் வீடு ஏழாவது மாடி, வாடகை, அது வேறு. இது முதல் மாடி. ஐந்து மீட்டர் என்றால் முதல் மாடி உத்தரம் வரைக்கும். அவள் கணக்குப் போட்டாள், போட வேண்டாம் என்று நினைக்க நினைக்கப் போட்டாள், மேஜை, மேஜை மேல் தம்பியின் புத்தகம், சாமி படம், சித்தப்பாவின் போட்டோ. போட்டோவில் சித்தப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிப்பான், வெயில். அவனைவிட இன்னும் ஒரு வயசுதான் சின்னவள் அவள். அடுத்த வருஷம் சமமாகிவிடுவாள். நிறுத்து. சொல்லிவிடலாமா? சொன்னால் மின்விசிறி. சொல்லாவிட்டால் முள். கடைசிப் பக்கம் வரப்போகிறது.

கடைசிப் பக்கமும் வந்தது. இவசே-சான் பென்சிலைக் கீழே வைத்து, இதுவரை ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். ஒன்றும் இல்லை என்று நீலா சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா, "அம்மாவுக்கு ஜன்னல்லேர்ந்து என்ன தெரியும்னு கேளு பாப்பா. அவ மொதல்ல அதத்தான் கேப்பா" என்றார். கேட்டாள். வாசித்துக் காய்ந்துபோயிருந்த இவசே-சான் முகம் முதல்முறையாக மலர்ந்தது, குரல்கூட மாறியது, பத்திரத்தை விட்டு ஊர்க்காரியாகப் பேச ஆரம்பித்தார். ஆற்றங்கரை தெரியும். செர்ரி மரம் இரண்டு தெரியும். கடல் ஏற்றம் இருக்கும் நேரத்தில் படகு போவது தெரியும், அது ஒரு வேடிக்கை, ஜன்னலில் நின்றால் படகோட்டி உங்கள் முகத்துக்கு நேராகப் போவார், நீங்கள் கை காட்டினால் அவரும் கை காட்டுவார். நீலாவுக்கு அதைக் கேட்டதும் உள்ளே விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. முள், மின்விசிறி எல்லாம் மறந்துபோய், டீச்சர் அன்றைக்குக் காட்டிய வளையம் கண் முன்னால் வந்து நின்று, ஒரு வார்த்தை விடாமல், இவசே-சான் சொன்னதைவிட நீளமாகவே சொன்னாள். "நம்ம முகத்துக்கு நேரா படகு போகுமாம்பா! கை காட்டினா அவங்களும் காட்டுவாங்களாம்!"

அப்பாவும் சிரித்தார். படகு என்றதும் அவர் முகத்தில் வரும் சிரிப்பு, எப்போதாவது தப்பித்து வருவது. பிறகு சிரிப்பு அங்கேயே இருந்தது, கண் மட்டும் வேலை செய்தது. இருபது வருஷம் கணக்கில் ஓட்டை தேடியே சம்பளம் வாங்கும் மனுஷன்.

"முதல் மாடி ஜன்னலுக்கு நேரா படகா?"

"ஆமாம்பா."

"அப்ப தண்ணி எங்க இருக்கு?"

ரயில் வந்தது. வரக் கூடாத நேரத்தில் வந்த ரயில், அல்லது வர வேண்டிய நேரத்தில். கரை உயரமாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் தயாராக இருந்தது, நல்ல பொய், பாதி உண்மையும்கூட. கோப்பைகள் சிணுங்கி அடங்கின. அப்பா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், பன்னிரண்டு வருஷமாக ஆஸ்பத்திரியிலும் பாங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் பார்த்த அதே பார்வை, இவள் சொல்வதுதான் உலகம் என்கிற பார்வை, அதைப் பார்த்துக்கொண்டு அவளால் முடியவில்லை. "மேல இருக்குப்பா" என்றாள். "நான் ஏழாம் பக்கத்த ஒழுங்கா சொல்லல. குழாய் இல்ல அது. நாம கடலுக்குக் கீழ இருக்கோம்." சொன்னாள். சொன்ன சத்தம் காதில் விழுந்ததும்தான் நடந்தது அது. நாலாம் வகுப்பிலிருந்து தெரிந்த வாக்கியம், அதிசயம் அதிசயம் என்று கொண்டாடிய வாக்கியம், தமிழில் வந்து நின்றபோது அதற்குப் பல் இருந்தது. கடலுக்குக் கீழ. தமிழில் கடலுக்குக் கீழே என்பது கம்பமும் வளையமும் இல்லை, தமிழில் கடலுக்குக் கீழே போனவன் ஒருவன்தான், கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிப்பவன். முதல்முறையாக, பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக, அவளுக்கு நிஷி-கசாயில் பயமாக இருந்தது.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றார் அப்பா.

"நாலாங்கிளாஸ்லேர்ந்து."

"நாலாங்கிளாஸ்." அவர் அந்த வார்த்தையைக் கையில் வாங்கிப் பார்ப்பதுபோல் சொன்னார். "தூங்குனியா நீ அங்க? பயமில்லாம?"

"நல்லா தூங்குனேன்பா. எனக்குப் பிடிச்சிருந்திச்சு. கடலத் தள்ளி வெச்சிட்டு இவங்க பாட்டுக்கு இருக்காங்கப்பா. சொன்னா நீங்க கெளம்பிடுவீங்கன்னு…" மூக்கு ஒழுகியது. துடைத்துக்கொண்டாள்.

இவசே-சானுக்கு அந்த நான்கு விநாடி நினைவிருந்தது. ஏழாம் பக்கத்தை எடுத்து மேஜை நடுவில் வைத்து, முதல் வரிக்குக் கீழே பென்சிலை வைத்தார். அப்பா, முழுசா சொல்லு என்று கண்ணாலேயே சொன்னார். ஒருவர் வாசிக்க, ஒருத்தி சொல்ல, நீலாவின் குரல் ஒவ்வொரு வரிக்கும் தட்டுத்தடுமாறி இறங்கியது, மூணு மீட்டர்லேர்ந்து அஞ்சு மீட்டர், ரெண்டு வாரத்துக்கு மேல, முன்கூட்டியே வெளியேறிடணும், எந்தப் பாலம் வழியாப் போகணும், எத்தனை மணி நேரத்துக்கு முன்னாடி சொல்வாங்க, இந்தக் கட்டடத்துல எந்த மாடிக்கு மேல போனா தப்பிக்கலாம், எல்லாம். அப்பா ஒவ்வொன்றுக்கும் சின்னதாகத் தலையாட்டினார், கோயிலில் அர்ச்சனை கேட்பவர் மாதிரி. முடிந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. முத்திரை மேஜை மேலேயே கிடந்தது. இவசே-சானின் பென்சிலைப் பார்த்தார்.

"எங்களுக்கு ஒருத்தரும் வாசிச்சுக் காட்டல, பாப்பா" என்றார். "கிறிஸ்துமஸுக்கு மறுநாள், காலைல. அமிர்தம் கரையில ஒக்காந்து வலை பிரிச்சிக்கிட்டிருந்திருக்கான். கடல் உள்வாங்கினதப் பாத்து மீன் பொறுக்கப் போயிருக்கான். ஒரு ஆளு. ஒரே ஒரு ஆளு இப்படி ஒக்காந்து ஒரு தாள வாசிச்சிருந்தா…" அவர் கையைத் திருப்பி மேஜையில் வைத்தார், காலியாக. "இந்தம்மா சட்டம் போட்டு வாசிக்கிறாங்க. எம் பொண்ணு வாசிக்காம விடுறா."

நீலா தரையைப் பார்த்தாள். தரை, அதற்குக் கீழே லாரியில் வந்த மண், அதற்குக் கீழே வயல், அதற்குக் கீழே எவ்வளவோ. அழக் கூடாது என்று பல்லைக் கடித்தாள், மேலே இன்னொரு ரயில் வந்து போயிற்று, போன பிறகும் அப்பா அங்கேயேதான் இருந்தார்.

"அஞ்சாவது மாடியில ஏதாச்சும் காலியாகுமான்னு கேளு" என்றார். "இதே கட்டடத்துல. ஒரு வருஷம் ஆனாலும் காத்திருக்கோம்னு சொல்லு. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். கேளு."

நீலா இவசே-சான் பக்கம் திரும்பினாள். அந்தம்மா பென்சிலை ஊன்றிக்கொண்டு, கண்ணாடிக்கு மேலே பார்த்தபடி காத்திருந்தார். வாயைத் திறந்து கேட்டாள். பாதி கேட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது, அவரிடமும் அவள் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தாள்.